இட்லித் தட்டு விளக்கு

"வெளிச்சம் போதலை," என்றான் சந்தியாகு.

ஜெசிந்தா பற்றவைத்துக்கொண்டிருந்த வயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எதுக்குப் போதலை?"

"உங்க அக்கா வண்டியில ஏறுறதுக்கு."

மலைமேல், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது அவள் கடை. கேரட்டும் பூண்டும் ஏற்றும் ஜீப்புகளுக்கு எல்.இ.டி. விளக்கு செய்து மாட்டித் தருவாள். டிரைவர்கள் அவளை வாத்தியார் என்பார்கள். சந்தியாகுவின் மனைவிக்கு அவள் தங்கை, அவனைவிட ரொம்பச் சின்னவள். அவளிடம் வந்து கேட்க அவனுக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது.

போன மழையில், காலை மூடுபனியில், ஒரு பள்ளத்தைக் கண்டு பைக்கைச் சட்டென்று ஒடித்துத் திருப்பினான். வண்டி விழவில்லை. அவனும் விழவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி பிலோமினா மட்டும் விழுந்தாள்.

உடைந்த கை கூடிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்குச் சத்துணவு சமைக்க அவள் நடந்தே போகிறாள்.

"ரோடு தெரியட்டும், ஏறுறேன்," என்றாள். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவள் நடப்பாள். அவன் முதல் கியரில் பின்னாலேயே போவான். டீக்கடையில் சிரித்தார்கள்.

"என்ன செஞ்சிருக்கீங்க, காட்டுங்க," என்றாள் ஜெசிந்தா.

அவன் வண்டியின் முன்னால் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்தான்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அத்தான், இது இட்லித் தட்டு."

"அலுமினியம். சூட்டை நல்லா இழுக்கும்."

"அக்காவோட இட்லித் தட்டு."

"குழிக்கு ஒரு எல்.இ.டி. வெளிச்சத்தை அந்தக் குழியே குவிச்சு அனுப்பும். ஓட்டையும் இருக்கு. வயர் போக வசதி."

"அவளுக்குத் தெரியுமா?"

"இட்லி குறையுதுன்னு தெரியும்."

ஜெசிந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு குனிந்து ஒவ்வொரு இணைப்பாக விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"பத்தவச்சிருக்கிறது சுத்தமா இருக்கு," என்றாள்.

அவனுக்குக் காது சூடானது.

சாலையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் வண்டியை அதற்குள் உருட்டிப்போய் நிறுத்தினாள்.

"போடுங்க."

போட்டான்.

"என்ன தெரியுது?"

"வெள்ளை."

"வேற?"

"வெள்ளைதான். சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி."

"அணைங்க."

அணைத்தான். சிறிது நேரம் நின்றார்கள்.

"இப்ப?"

"ஓரத்துல ஒரு கல்லு தெரியுது. ஒரு நாய்."

அவள் தட்டைக் கழற்றினாள். வெள்ளை எல்.இ.டி.களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அவன் உள்ளங்கையில் வைத்தாள். பல்லைப் பிடுங்கியதுபோல அவன் நின்றான். இரண்டே குழிகளில் மஞ்சள் எல்.இ.டி. வைத்தாள். தட்டைக் கணுக்கால் உயரத்துக்கு இறக்கி, தரையைப் பார்க்க முடுக்கினாள்.

"இவ்வளவு கீழயா?"

"ரோடு கீழதானே அத்தான் இருக்கு."

மறுநாள் காலை தார் தெரிந்தது. தாரில் இருந்த வெடிப்பு தெரிந்தது. குதிரைச் சாணம் தெரிந்தது. முன்னால் நடந்த பிலோமினாவின் செருப்பில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது தெரிந்தது.

டீக்கடையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஒரு ஜீப் டிரைவர் வந்து, இதே மாதிரி வேண்டும், தட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

பிலோமினா நடந்தாள்.

அவன் திரும்பவும் கடைக்குப் போனான்.

"விளக்குல என்ன குறை?" என்றாள் ஜெசிந்தா.

"ஒண்ணும் இல்ல. ஊசி விழுந்தாக்கூட எடுத்துருவேன்."

"அப்புறம்?"

"ஏற மாட்டேங்கிறா. இன்னும் ரெண்டு எல்.இ.டி. சேர்ப்போமா?"

அவள் கையைத் துடைத்தாள்.

"அன்னிக்கு அந்தப் பள்ளத்தை நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. அதனாலதானே ஒடிச்சேன்."

அவள் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க. பின்னாடி ஏறுங்க."

"நீயா ஓட்டுற?"

"ஏன், வாத்தியாரு ஓட்டக்கூடாதா?"

மூடுபனிக்குள் வண்டி போயிற்று. அவன் முன்னால் அவளுடைய ஸ்வெட்டர் இருந்தது. ஸ்வெட்டரில் ஒரு பின்னல் விட்டுப்போயிருந்தது. வேறு எதுவும் இல்லை.

வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. ஏன் என்று தெரியவில்லை. நிமிர்ந்தது. குதித்தது. அவன் பல் நாக்கில் பட்டது.

"மெதுவா போ, புள்ள!"

"மெதுவாத்தான் போறேன்."

மறுபடி சாய்ந்தது. அவன் சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்தான்.

"இப்ப என்ன?"

"வளைவு. வலது பக்கம்."

அவன் உடம்பு தானாகவே வலது பக்கம் சாய்ந்தது. வளைவு வந்தது, போனது. ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை. வண்டி குதித்தது, சரிந்தது, நின்றது, கிளம்பியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடினாலும் திறந்தாலும் ஒன்றாகத்தான் இருந்தது.

கடை வாசலில் இறங்கிய பிறகும் அவன் கம்பியை விடவில்லை.

"எனக்கு ரோடு நல்லா தெரிஞ்சுது, அத்தான்," என்றாள் ஜெசிந்தா. "அருமையான விளக்கு."

சாவியை அவன் சட்டைப் பையில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை மலை முழுக்க மூடுபனி. பிலோமினா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். சந்தியாகு முதல் கியரில் அவளோடு ஒட்டி வந்தான்.

"இடது பக்கம் பள்ளம்," என்றான்.

அவள் நடந்தாள்.

"தாண்டியாச்சு. இனி கொஞ்ச தூரம் நல்ல ரோடு."

அவள் திரும்பவில்லை.

"சாணி கெடக்கு. லேசா வலது பக்கம் போறேன்."

அவள் நின்றாள். அவனும் நின்றான்.

"யாருகிட்ட பேசுறீங்க?"

"பின்னாடி இருக்கிற ஆளுகிட்ட."

"பின்னாடி யாரும் இல்லியே."

"தெரியும்," என்றான். "பழகிக்கிறேன்."

அவள் மூடுபனியைப் பார்த்தாள். கீழே குனிந்து இட்லித் தட்டைப் பார்த்தாள். ஊக்கு குத்திய செருப்பைப் பார்த்தாள்.

வண்டி பின்பக்கம் லேசாக அமுங்கியது. அவன் தோளில் ஒரு கை வந்து உட்கார்ந்தது.

அவன் கிளட்சை விடாமல் இருந்தான்.

"ம்," என்றாள் பிலோமினா. "மேல சொல்லுங்க."