விரல்கடை தூரம்

மீன் தொட்டியின் அடியில் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி புல் வளர்க்க ஆசைப்பட்டார் மாசிலாமணி. லாரி ஓட்டி ஓய்ந்தவர். வயது ஐம்பத்தெட்டு. கற்றுத்தர வந்த வண்ணமீன் கடை செசிலிக்கு முப்பதுதான். ஆனாலும் வாய் நிறைய "டீச்சரம்மா" என்பார்.

சின்ன வயதில் மகள் தேன்மொழி கேட்டது அது. "மீன் விளையாடப் புல்தரை வேணாமாப்பா?"

இப்போது அவளுக்கு ஓசூரில் வேலை. விடுதியில் இருக்கிறாள். வாரம் தவறாமல் போய் விடுதி வாசலில் நின்றார். "நீங்க வராதீங்கப்பா, நானே வர்றேன்" என்றுவிட்டாள். சொல்லி மூன்று மாதம் ஆகிறது.

புல் ஒரே கொத்தாக டப்பாவில் வந்தது. செசிலி அதைப் பதினைந்தாகப் பிய்த்து, விரல்கடை தள்ளித் தள்ளி இடுக்கியால் மணலில் நட்டாள்.

"ஒண்ணா இருந்ததைப் பிரிக்கிறீங்களே, பாவமில்லையா?"

"கொத்தா வெச்சா நடுவுல அழுகிடும்ணே. தள்ளி வெச்சு, தொட்டி விளக்கைப் போட்டு வெச்சாப் போதும், தானா வளரும்."

ஒரு மாதம் கழித்து வந்து பார்த்தாள். பதினைந்தும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு, பழுப்பேறி நின்றன.

"என்னண்ணே, நடந்து போச்சா இதுங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "தனித்தனியா நிக்கிறதைப் பார்க்க மனசு கேக்கலை டீச்சரம்மா. தினம் கொஞ்சம் கொஞ்சமா கிட்டக்க நகர்த்திட்டேன்."

செசிலி ஒன்றைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அடியில் நூல் போல ஒரு வெள்ளைக் கொடி. பாதியில் அறுந்திருந்தது.

"இது எங்க போய்க்கிட்டிருந்துச்சு?"

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "பக்கத்துச் செடிகிட்ட."

"யாரும் கூப்பிட்டாங்களா?"

"இல்ல. அதுவாத்தான்."

"அறுத்தது யாரு?"

அவர் சட்டைப்பையில் மறுநாள் ஓசூர் பஸ்ஸுக்கு எடுத்த டிக்கெட் எட்டிப் பார்த்தது.

செசிலி பிழைத்த ஏழு செடிகளை மட்டும் எடுத்து, பழையபடி தள்ளித் தள்ளி நட்டாள். கடைசிச் செடி ஊன்றியதும் அவர் கை தானாகத் தண்ணீருக்குள் போனது.

"அண்ணே."

கையை எடுத்தார். அந்த ஈரக் கையாலேயே டிக்கெட்டை உருவி மேசைமேல் வைத்தார்.

"அப்ப நான் சும்மா உக்காந்திருக்கணுமா டீச்சரம்மா?"

"சும்மா எதுக்கு?" செசிலி இடுக்கியைத் துடைத்துப் பைக்குள் போட்டாள். "விளக்கைப் போட்டு வைங்க."