கரடி ராஜாவின் தேக்கிலைப் பணம்

ஒரு மலையடிக் காட்டில் தேக்கிலைதான் பணம். ஆனால் எல்லா இலையும் பணமாகிவிடாது. கரடி ராஜா தன் பாதத்தைச் செம்மண் சேற்றில் தோய்த்து முத்திரை குத்த வேண்டும்.

அந்தக் காட்டில் கூரி என்ற முள்ளம்பன்றி இருந்தது. கோடை முழுக்கக் கிழங்கு தோண்டி விற்று, இருபது இலைகளை முதுகு முள்ளில் செருகிச் சேர்த்தது. மழை வந்தால் கிழங்கு அழுகிவிடும். அதற்குள் குரங்கிடம் இலைக்கு ஒரு படி வீதம் பலாக்கொட்டை வாங்கி வைத்தால்தான் குட்டிகள் இரண்டும் பிழைக்கும்.

இதற்கிடையே ராஜாவுக்குத் தேன்மீது ஆசை பிடித்தது. “பாதமும் என்னுது, சேறும் என்னுது. அப்புறம் என்ன குறைச்சல்?” என்று நாளெல்லாம் குத்தித் தள்ளினார். தேனீக்களுக்குக் கூடை கூடையாக இலை போனது. அவை அதைக் காடெங்கும் செலவழித்தன. தேக்குமரங்கள் மொட்டையாயின, விலைவாசி மட்டும் தழைத்தது.

கூரி சந்தைக்குப் போனது.

“அண்ணே, இருபது இலைக்கு எத்தனை படி?”

குரங்கு தலையைச் சொறிந்தது. “அரைப்படி, தங்கச்சி.”

“போன வாரம் இலைக்கு ஒரு படின்னீங்களே!”

“அது போன வாரம். காலையில வந்திருந்தாக்கூட முக்கால் படி தந்திருப்பேன்.”

பின்னால் ஏதோ மெல்லும் சத்தம். ஒரு வரையாடு கூரியின் முதுகிலிருந்து மூன்று இலையைத் தின்றுவிட்டிருந்தது. “கோபிச்சுக்காதே அக்கா, இப்போ இது இதுக்குத்தான் உதவுது” என்றது.

கூரி அழுதது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த கிழங்கைத் தோண்டி ஓடைக்கு அக்கரையில் விற்கப் போனது. அங்கே ஆமைகளிடம் சோழிதான் பணம்.

“உங்க ராஜாவும் இதைக் குவிச்சுட மாட்டாரா?” என்று கூரி கேட்டது.

“முடிஞ்சாத்தானே? சோழி கடல்ல விளையுறது. கடலுக்குப் பத்து நாள் நடை. எங்க நடைக்கு ஒரு வருஷம்!” என்றது ஆமை.

கூரி இரண்டு சோழியோடு திரும்பியது. குரங்கு ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, சோழிக்குப் பத்துப் படி அளந்தது. சேதி பரவியது. எல்லாரும் அக்கரையில் விற்றுச் சோழி கொண்டுவந்தார்கள். இலையை யாரும் வாங்கவில்லை, தேனீக்கள்கூட.

“இலை வாங்காதவருக்குச் சிறை!” என்று ராஜா பறையறைவித்தார்.

“சிறையில நாங்க தேன் கட்ட மாட்டோம், ராஜா” என்றன தேனீக்கள்.

மூன்று நாள் ராஜா தேனில்லாமல் நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். நான்காம் நாள் காலை கூரியின் வளை வாசலில் வந்து நின்றார்.

“கூரியம்மா, கிழங்கு தோண்ட ஆள் வேணுமா? எனக்குப் பாதம் பெரிசு.”

“தோண்டுங்க ராஜா. பத்துக் குழிக்கு ஒரு சோழி.”

“நாளைக்குக் கூலி மாறிடுமோ?”

“நேத்தும் பத்து, நாளைக்கும் பத்து. பேச்சு மாறாது.”

ராஜா குனிந்து தோண்டத் தொடங்கினார். மழை வந்தபோது வளைக்குள் இரண்டு குட்டிகளும் பலாக்கொட்டை கொறித்துக்கொண்டிருந்தன.

நினைத்தபோதெல்லாம் பெருக்கும் பணம் சருகாகிப் போகும்; நேற்றைய மதிப்பு நாளைக்கும் மாறாத பணமே ஏழையின் உழைப்பைக் காக்கும்.