லீவுக்காகச் செத்தவர்கள்

பொன்னுரங்கத்துக்கு நாற்பத்துநாலு வயது. தாலுகா ஆபீஸில் உதவியாளர். அவருக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கும் எழிலரசிக்கு முப்பத்தேழு. குரு சின்னவர், சீடர் பெரியவர். இதைப் பார்த்துச் சிரித்தவர்களும் இந்த ஒன்பது வருஷத்தில் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள்.

எழிலரசி முன்பு அரசுப் பள்ளியில் ஆசிரியை. வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு நாடகத்துக்கு வந்தவர். வேலை போனாலும் பட்டம் போகவில்லை. குழுவில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடிச் சாப்பாட்டுக்கூடம்தான் அவர்கள் ஒத்திகை பார்க்கும் இடம். ஆடி மாசத்தில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, அதனால் மண்டபக்காரர் சும்மா திறந்துவிடுவார். ஊருக்கெல்லாம் ஆகாத மாசம் இவர்களுக்கு மட்டும் ஆகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒத்திகை முடிந்து மற்றவர்கள் சாப்பிடக் கிளம்பிவிட்டார்கள். பொன்னுரங்கம் போகவில்லை. மடக்கி அடுக்கிய மேஜைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன சார், பசிக்கலையா?"

"டீச்சர், வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்."

எழிலரசி ஜமக்காளத்தில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டார். காலையிலிருந்து நின்ற கால்கள்.

"எப்ப?"

"நாளைக்குப் பத்து மணிக்கு."

"அதென்ன பத்து மணி? நல்ல நேரம் பார்த்துட்டீங்களா?"

"மெமோ கொடுத்திருக்காங்க. பத்து மணிக்குள்ள பதில் எழுதிக் கொடுக்கணும்."

மெமோ ஏன் வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் கதை நகராது. சொல்லவும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பொன்னுரங்கம் நல்ல மனுஷன். ஒரு வெற்றிலைபாக்குப் பழக்கம்கூடக் கிடையாது. ஆனால் லீவு என்று வந்துவிட்டால் ஈவிரக்கம் பார்க்கமாட்டார். வெளியூரில் நாடகம் என்றால் ரெண்டு நாள் வேண்டும். நாடகத்துக்குப் போகிறேன் என்று சொன்னால் எந்த ஆபீஸில் விடுவார்கள்? சாவு என்றால் யாரும் மறுப்பதில்லை. முதலில் மணப்பாறையில் ஒரு பெரியப்பாவைச் சாகடித்தார். பிறகு துறையூர்ச் சித்தி. பிறகு ஒரு அத்தை. அந்த அத்தையையே அடுத்த வருஷம் கும்பகோணம் நாடகத்துக்காக மறுபடியும் சாகடித்துவிட்டு, சூப்பரிண்டெண்ட் புருவத்தைத் தூக்கியபோது, "அது பெரிய அத்தை சார், இது சின்ன அத்தை" என்று சமாளித்தார். அத்தனை பேரும் இன்றைக்கும் ஊரில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார்கள்.

போன மாசம் தஞ்சாவூரில் நாடகம். சொந்தத்தில் ஆள் தீர்ந்துபோய் மாமனாரின் மேலேயே கைவைத்துவிட்டார். மாமனார் ரிடையர்டு தபால்காரர். மகள் வீட்டோடு, உறையூரில் இவர் வீட்டிலேயே இருக்கிறார். இதை யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. கூட வேலை பார்க்கிற ரெண்டு பேர், பாவம், பெரிய ரோஜா மாலையோடு துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். கதவைத் திறந்தது மாமனார்.

"யாருக்குப்பா மாலை?" என்று கேட்டார்.

மனுஷன் நாற்பது வருஷம் வீடு வீடாகத் தந்தி கொண்டுபோய்க் கொடுத்தவர், அந்த முகங்களைப் பார்த்தே புரிந்துகொண்டார். மாலையைத் தானே வாங்கிச் சாமி படத்துக்குப் போட்டார். வந்தவர்களை உட்காரவைத்துக் காபி கொடுக்கச் சொன்னார். மறுநாள் ஊர் திரும்பிய மருமகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

பொன்னுரங்கத்தின் மனைவிதான் கேட்டாள். "நாடகமோ வேலையோ, எதையாவது ஒண்ணை விட்டுத் தொலைங்க. எங்கப்பாவை விட்டுடுங்க."

இவ்வளவும் குழுவில் எல்லோருக்கும் தெரியும். எழிலரசிக்கும் தெரியும். மெமோவில் என்ன இருந்தது என்பதுதான் தெரியாது.

"பதில்னா என்ன எழுதணுமாம்?"

"பொய் சொல்லி லீவு எடுத்தது தப்பு, இனிமே நாடகம் பக்கமே போகமாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா, மேல அனுப்பாம முடிச்சுடறேன்னு தாசில்தார் சொல்லிட்டார். நல்ல மனுஷன் டீச்சர். மாமனார் செத்துட்டார்னு நான் சொன்னப்ப எழுந்து வந்து தோளைத் தட்டிக் கொடுத்தார். இப்ப அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியல."

"எழுதிட்டீங்களா?"

பொன்னுரங்கம் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார். "ரெண்டும் எழுதி வெச்சிருக்கேன். நாடகத்தை விடறேன்னு ஒண்ணு. வேலையை விடறேன்னு ஒண்ணு. நேத்து சாயந்திரத்துலேருந்து மாத்தி மாத்திப் படிச்சுட்டு இருக்கேன்."

"உட்காருங்க சார். நின்னுட்டே பேசினா எனக்குக் கழுத்து வலிக்குது."

உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் உடம்பு அப்படியே இறங்கிப்போனது.

"அசந்துபோச்சு டீச்சர். பகல்ல பட்டா, சிட்டா. சாயந்திரம் ஒத்திகை. நடுவுல பொய். வேலை அசதி படுத்து எழுந்தா போயிடுது. இந்தப் பொய் அசதி எழுந்த பிறகும் இருக்கு. வேலையை விட்டுட்டா பொய் சொல்ல வேண்டியதில்ல. யார்கிட்ட லீவு கேக்கணும்?"

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"பதினெட்டு வருஷ சர்வீஸ். பொண்ணு பிளஸ் டூ. என்ன சொல்வாங்க? அழுதா. அழுது முடிச்சுட்டு, உங்க இஷ்டம்னு சொல்லிட்டா. அவ திட்டியிருந்தா எனக்குச் சௌகரியமா இருந்திருக்கும்."

எழிலரசி தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். மூடியைத் திருகி ஓரமாக வைத்தார்.

"எனக்கு நடிப்பு வருமா டீச்சர்? மறைக்காமச் சொல்லுங்க."

"சுமார்தான் சார்."

அவருக்குச் சுருக்கென்றது.

"ஒன்பது வருஷத்துல ரெண்டு இடம் நல்லாப் பண்ணீங்க. மத்த இடத்துல எல்லாம் வசனத்தை மறக்காமச் சொன்னீங்க. அதுவும் பெரிய உபகாரம்தான்."

அந்த ரெண்டு இடம் எது எது என்று அவருக்கே தெரியும். கேட்கவில்லை.

"உங்களை மாதிரி ஒரே ஒரு இடம் பண்ணிட்டாப் போதும் டீச்சர். அந்தப் பால் பாத்திரத்தை மூடற இடம். அதுக்கு வேலை என்ன, எதை வேணா விடலாம்."

அந்த இடத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லவேண்டும். குழுவின் நாடகத்தில் எழிலரசிக்கு ஒரு மகள் வேஷம். அடுப்பில் பால் காய்கிறது. அம்மா போய்விட்டாள் என்று சேதி வருகிறது. மகள் அழுவதில்லை. அடுப்பை அணைக்கிறாள். பாத்திரத்தைத் தட்டால் மூடுகிறாள். தட்டு கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்கிறாள். அதன் பிறகுதான் தரையில் சரிகிறாள். அவள் தட்டைச் சரிசெய்யும் அந்த நேரத்தை எந்த ஊரிலும் கூட்டம் தாங்கியதில்லை. பொன்னுரங்கம் மேடை ஓரத்தில் நின்று அறுபது தடவை பார்த்தவர். அறுபது தடவையும் துண்டால் கண்ணைத் துடைத்தவர்.

"அது நான் பண்ணினது இல்ல சார். எங்கக்கா பண்ணினது."

"அவங்களும் நடிப்பாங்களா?"

"இல்ல. எங்கம்மா செத்த அன்னிக்கு."

பொன்னுரங்கம் அவரையே பார்த்தார்.

"அம்மாவுக்கு மூச்சு நின்னப்ப பக்கத்துல நான்தான் இருந்தேன். அக்கா அடுப்படியில இருந்தா. போய்ச் சொன்னேன். அடுப்பை அணைச்சா. பாலை மூடினா. தட்டு கோணலா இருந்துச்சு, சரி பண்ணினா. அப்புறம் அப்படியே உட்கார்ந்து ஓன்னு அழுதா."

"நீங்க?"

"நான் அழல. அணைச்சது வலது கையா இடது கையான்னு பார்த்துட்டு நின்னேன்."

"அக்கா நாடகம் பார்த்தாங்களா?"

"முதல் தடவை போட்டப்பவே வந்தா. நான்தான் கூப்பிட்டேன், அறிவுகெட்டவ. முன் வரிசையில உட்காரவெச்சேன். எல்லாரும் கைதட்டினாங்க. அவ எழுந்து போயிட்டா. மறுநாள் வீட்டுக்குப் போனேன். அது எனக்கும் அம்மாவுக்கும் நடந்தது, அதை எடுத்து ஊருக்குக் காட்டிட்டியேடின்னா. அவ்வளவுதான் சொன்னா. கதவைச் சாத்திட்டா. ஏழு வருஷம் ஆகுது."

"அந்த இடத்தை எடுத்துட்டு நடிச்சிருக்கலாமே டீச்சர்."

"எடுத்தேனே. புதுக்கோட்டையில எடுத்துட்டு நடிச்சேன். நாடகம் செத்துப்போச்சு. அடுத்த ஊர்ல மறுபடி வெச்சேன்."

"வருத்தமா இல்லையா?"

"இருக்காதா? கதவைச் சாத்தின அன்னிக்கு வீட்டுக்கு வந்து விழுந்து அழுதேன். நிஜ அழுகைதான் சார், சந்தேகப்படாதீங்க. பாதியில எழுந்து போய்க் கண்ணாடி முன்னாடி நின்னேன். அழும்போது எனக்கு மூக்கு முதல்ல சிவக்குதா, கண்ணு முதல்ல சிவக்குதான்னு பார்க்கறதுக்கு."

கீழே மண்டபக்காரர் யாரோடோ போனில் ஆவணி மாசத் தேதி பேசிக்கொண்டிருந்தார். பொன்னுரங்கம் சட்டைப்பையை மறுபடியும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப வேண்டாம்னு சொல்றீங்களா டீச்சர்?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"நீங்க திரும்ப ஸ்கூலுக்கே போயிருக்கலாம். ஏதாவது பிரைவேட் ஸ்கூல்ல கூப்பிட்டிருப்பாங்களே."

"கூப்பிட்டாங்க. போகலாம். கண்ணை எங்க கழட்டி வெச்சுட்டுப் போறது?"

பொன்னுரங்கம் தலையை ஆட்டினார். பிறகு கொஞ்சம் அவசரமாக, தனக்கே தைரியம் சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார்.

"உங்களுக்கு அது பிறவியிலேயே வந்தது டீச்சர். நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல. நான் சாதாரணம். வேலையை விட்டுட்டு, கிடைச்ச வேஷத்தைப் போட்டுக்கிட்டு, நிம்மதியா இருந்துடுவேன். இல்லேன்னா நாடகத்தை விட்டுட்டு, பட்டா சிட்டாவோட நிம்மதியா இருந்துடுவேன். ரெண்டுல எதுன்னு நீங்க சொன்னாப் போதும்."

எழிலரசி அவரை நிமிர்ந்து பார்த்தார். அன்று முழுக்க அவர் அப்படிப் பார்க்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், யோசிக்காமச் சொல்லுங்க. அக்கா விஷயம் சொல்லும்போது என் கை என்ன பண்ணிட்டு இருந்துச்சு?"

"ஜமக்காளத்து ஓரத்துல நூலைப் பிரிச்சுட்டு இருந்தீங்க. இடது கையால. கதவைச் சாத்திட்டான்னு சொன்னப்ப மட்டும் கை நின்னுச்சு. அப்புறம் பிரிச்ச நூலை மறுபடி உள்ள சொருகப் பார்த்தீங்க, அது போகல."

கடகடவென்று சொல்லிவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கு உறைத்தது.

எழிலரசி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நாளைக்கு ரெண்டுல எதைக் கொடுத்தா என்ன சார்," என்றார்.