அமாவாசையன்று கூடிய குழு

“குழுக் கூட்டத்தை அமாவாசையன்னிக்கே வெச்சிட்டாங்கப்பா. மடத்து ஆளுங்க அன்னிக்கு வாயே தொறக்க மாட்டாங்களாம். சாப்பாட்டுக்குள்ள வேலை முடிஞ்சிடும்.”

பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் ஒரு ஜீப் ஓட்டுநர் இன்னொருவரிடம் இப்படிச் சொன்னது சிவக்கொழுந்தின் காதில் விழுந்தது. இருவரும் சிரித்தார்கள். டம்ளர்களை வைத்துவிட்டுப் போனார்கள்.

சிவக்கொழுந்து வெண்பாறை மடத்துச் சீடர். கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றபின் அங்கு வந்தவர். அவருக்குக் குருவாக இருந்த ஞானாம்பிகை அம்மா வயதில் அவரைவிட இளையவர்.

வீட்டை விட்டு வந்தவரால் செய்தித்தாளை விட முடியவில்லை. மக்களவைத் தேர்தலில் எந்தத் தொகுதியில் யார் ஜெயித்தார், எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போனது, அந்தக் குழுவில் யார் தூங்குகிறார் என்பதுவரை சொல்வார். தம் தொகுதி உறுப்பினர்மேல் அவருக்குத் தீராத கோபம்.

“போன தடவை ஜெயிச்சுப் போனதிலேர்ந்து அந்த ஆள் சபையில வாயே தொறக்கலை. கேட்டா, கட்சி அனுமதி தரலையாம். அதுக்கு எதுக்கு ஓட்டு? ஒரு நாற்காலியை அனுப்பினாப் போதாதா?”

மடத்துக்குக் கீழே ஏரி. ஏரியை ஒட்டி ஒரு காலனி. அங்கே இருந்தவர்களுக்குக் குடிக்க வேறு தண்ணீர் கிடையாது. ஏரியின் மேட்டுக்கரையில் மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைப் புதைக்க ஒரு திட்டம் வந்தது. கருத்துக் கேட்க நாடாளுமன்றக் குழு ஒன்று வருவதாகச் சொன்னார்கள்.

காலனியிலிருந்து பூங்காவனம் மடத்துக்கு வந்தாள்.

“நீங்க பேசுங்க சாமி. நாங்க பேசினா கத்துறோம்னு சொல்லிடுவாங்க. நீங்க பேசினா எழுதிக்குவாங்க.”

“பேசறேன்மா,” என்றார் சிவக்கொழுந்து.

அதன் பிறகுதான் கூட்டம் அமாவாசையன்று என்று தேதி வந்தது. அமாவாசையன்று விடிந்ததிலிருந்து மறுநாள் விடியும்வரை மடத்தில் யாரும் பேசுவதில்லை. அவசரம் என்றால் சிலேட்டில் எழுதிக் காட்டுவார்கள். மடத்துக்கு வந்த நாளிலிருந்து சிவக்கொழுந்து அதை ஒருமுறைகூட மீறியதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு அவரைத்தான் உதாரணமாகக் காட்டுவார்கள்.

தேநீர்க் கடையிலிருந்து நேராக அம்மாவிடம் போனார். அம்மா விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு நான் பேசலாமா அம்மா?”

“உங்க எம்.பி. சபையில பேச யார்கிட்ட அனுமதி கேட்டார்?”

“கட்சிகிட்ட.”

“கிடைச்சுதா?”

“கிடைக்கலை.”

அம்மா அடுத்த விளக்கை எடுத்துத் துடைத்தார். தனக்கும் அனுமதி இல்லை என்று சிவக்கொழுந்து புரிந்துகொண்டார். கும்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தார். உள்ளுக்குள் சற்று நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கூட்டம். மின்விசிறிகளுக்கு அடியில் குழு உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ் தெரிந்த ஒருவர் கேள்வி கேட்டார்.

பூங்காவனம் எழுந்தாள். “அந்த ஏரித் தண்ணியத்தாங்க நாங்க குடிக்கிறோம்.”

“கழிவு ஏரிக்கு வராதுன்னு அறிக்கை இருக்கேம்மா. வரும்னு எதை வெச்சுச் சொல்றீங்க?”

“சாமிக்குத் தெரியுங்க.” அவள் சிவக்கொழுந்தைக் காட்டினாள்.

அவருக்குத் தெரியும். நிலம் எந்தப் பக்கம் சரிகிறது, பாறை எங்கே வெடித்திருக்கிறது, இதே மாதிரிக் கிடங்கை எந்த நீதிமன்றம் எதனால் நிறுத்தியது, எல்லாம் அவர் மனதில் வரிசையாக இருந்தது. சிலேட்டில் நுணுக்கி எழுதித் தூக்கிக் காட்டினார்.

“இங்கேர்ந்து ஒண்ணும் தெரியலை ஐயா. வாயால சொல்லுங்க. அப்பதான் பதிவாகும்.”

சிவக்கொழுந்து கைகூப்பித் தலையை ஆட்டினார்.

“விரதமாம்,” என்றார் யாரோ. பின்வரிசையில் சிரிப்பு.

“ஒரே ஒரு வார்த்தை சாமி,” என்றாள் பூங்காவனம்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஆதாரத்தோட யாரும் ஆட்சேபிக்கலைன்னு போட்டுக்குங்க,” என்றார் உறுப்பினர்.

சாப்பாட்டுக்குள் கூட்டம் முடிந்தது.

மழைக்கு முன்பே கழிவு லாரிகள் வந்துவிட்டன. மழை பெய்ததும் ஏரி நுரைத்தது. முதலில் ஆடுகள் செத்தன. பிறகு காலனியில் பலருக்கு வாந்தி. பூங்காவனத்தின் மகளை மாவட்ட மருத்துவமனைக்கு எடுத்துப் போனார்கள். சிறுநீரகம் என்றார்கள். பெண் இன்னும் அங்கேதான் இருந்தாள். காலனிக்கு இப்போது லாரியில் தண்ணீர் வந்தது, அதுவும் சில நாட்களில்தான்.

சிவக்கொழுந்து செய்தித்தாள் படிப்பதை நிறுத்தினார். சாப்பிடுவதையும் குறைத்துக்கொண்டார். மடத்தில் அதையும் சிலர் பெரிய தவம் என்று பேசிக்கொண்டார்கள்.

சில மாதங்கள் கழித்து ஓர் அமாவாசையன்று அவர் அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தார். சிலேட்டில் எழுதினார்:

‘நான் கேட்டேன். நீங்கள் அனுமதி தரவில்லை.’

அம்மா படித்தார். சிலேட்டை வாங்கித் தரையில் கவிழ்த்து வைத்தார்.

“நீங்க நேராக் கேட்டீங்க,” என்றார் அம்மா. “நான் நேராச் சொல்லலை. புரிஞ்சுக்குவீங்கன்னு நினைச்சேன். பேசுங்கன்னு ஒரு சொல் சொல்லியிருக்கணும். அது என் தப்பு.”

அமாவாசையன்று அம்மாவின் குரலை அவர் கேட்டதே இல்லை. சுற்றியிருந்த சீடர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி எழுந்து நின்றுவிட்டாள்.

அவர் சிலேட்டுக்குக் கை நீட்டினார். அம்மா தரவில்லை.

“வாயால கேளுங்க.”

சிவக்கொழுந்து நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். கொஞ்சம் இருமினார்.

“இப்ப நான் என்ன செய்யட்டும்?”

“அன்னிக்குச் சொல்ல நினைச்சதை இன்னிக்குப் போய்ச் சொல்லுங்க.”

“யார்கிட்ட அம்மா? குழுதான் டெல்லிக்குப் போயிடுச்சே.”

“நீங்க பேசுவீங்கன்னு உக்காந்திருந்தவங்க எங்கேயும் போகலை. கீழதான் இருக்காங்க.”

சிவக்கொழுந்து இறங்கிப் போனார். வெயில் ஏறியிருந்தது. பூங்காவனம் வாசலில் இரண்டு காலிக் குடங்களோடு நின்றிருந்தாள். அவரைப் பார்த்தும் கும்பிடவில்லை.

“சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கும்மா,” என்றார்.

“சொல்லுங்க.”

அவர் சொன்னார். நிலத்தின் சரிவிலிருந்து ஆரம்பித்தார். வெடித்த பாறையைச் சொன்னார். அதன் வழியாகக் கழிவு ஏரிக்கு எப்படி வரும் என்று சொன்னார். நீதிமன்றத் தீர்ப்பைச் சொன்னார். குழுவின் விதிப்படி மறுவிசாரணை கேட்டிருக்கலாம் என்றார், அதற்கான கெடு போன வாரம் முடிந்துவிட்டதையும் சொன்னார். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். பூங்காவனம் குறுக்கே எதுவும் கேட்கவில்லை. கடைசிவரை அவர் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் முடித்தார்.

தெருமுனையில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. பூங்காவனம் குடங்களை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றாள்.