குமிழ் மரத்தில் ஒரு குமிழ்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. சொன்னது என் ஜன்னலோரம் வந்துபோகும் ஒரு கிழ அணில். அணில்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

ஒரு காட்டில் வீராயி என்ற கரடி எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சினாள். அது அடைமழைக் காலம். அடுப்புக்குப் பக்கத்து மரப்பொந்தில் தாயில்லாத அணில்குட்டி ஒன்று காய்ச்சலில் கிடந்தது. சூடான கஞ்சி மட்டுமே அதன் தொண்டையில் இறங்கியது.

வீராயி காய்ந்த சுள்ளி தேடி அந்தப் பக்கம் போவாள். இந்தப் பக்கம் கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்துவிடும். ஈர விறகில் மறுபடி தீ மூட்டுவதற்குள் பொழுது போய்விடும். அன்றைக்குக் குட்டி பட்டினி.

இதைப் பார்த்த மரங்கொத்தி கொண்டையன், குமிழ் என்ற மரத்தின் துண்டு ஒன்றைக் கொத்திக் குடைந்து, பானை மூடிக்குக் கைப்பிடிக் குமிழாகப் பொருத்தினான். பொங்குவதற்கு முன்பே ஆவி அதன் துளை வழியாக வந்து விசிலடிக்கும் என்றான்.

"மூடிக்கு மூக்குத்தி போடறியா?" என்று கேலி செய்தது ஒரு குரங்கு.

முதல் குமிழ் பருந்து மாதிரிக் கத்தியது. முயல்கள் வளைக்குள் பாய்ந்தன. வீராயியும் நின்று வானத்தைப் பார்த்தாள். கஞ்சி பொங்கிவிட்டது. இரண்டாவது குமிழ் குயில் மாதிரிக் கூவியது. வீராயி கண்ணை மூடி ரசித்தாள். அன்றும் அடுப்பு அணைந்தது. குட்டியின் குரல் மெலிந்துகொண்டே போனது.

கொண்டையன் யாரையும் நொந்துகொள்ளவில்லை. "எந்தச் சத்தம் கேட்டா கையில இருக்கறதப் போட்டுட்டு ஓடி வருவீங்க, அக்கா?" என்று கேட்டான்.

வீராயி யோசித்தாள். அதற்குள் பொந்தில் குட்டி முனகியது. சுள்ளிக்கட்டைக் கீழே போட்டுவிட்டு அவள் ஓடினாள்.

அன்று முழுவதும் கொண்டையன் பொந்தருகே காது கொடுத்து உட்கார்ந்திருந்தான். புதுக் குமிழைக் கொஞ்சம் கொத்துவான், காற்றில் பிடித்துப் பார்ப்பான், மறுபடி கொத்துவான்.

மூன்றாவது குமிழ் பசித்த குட்டியாக அழுதது. ஓடைக்கு அப்பால் இருந்த வீராயி விழுந்தடித்து வந்து மூடியைத் திறந்தாள். தீ அணையவில்லை. கொட்டாங்கச்சியில் கஞ்சியைப் பொந்துக்கு எடுத்துப்போனது கேலி செய்த அதே குரங்குதான்.

யாருக்காகச் செய்கிறோமோ அவர் மனதை அறிந்து செய்வதே நல்ல வேலை.

போன வாரம் அந்த மூன்றாவது விசிலை அணில் எனக்குச் செய்து காட்டியது. கையிலிருந்த பேனாவைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். பிறகுதான் கேட்டேன்:

"அந்தக் குட்டி நீதானா?"