இளவரசிக்குப் பிடித்த தோல்வி

முன்னொரு காலத்தில் வில்லவராயர் என்றொரு அரசர் இருந்தார். எந்த நாடு என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடுவோம். அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. அரச குடும்பத்தாரை எந்த ஆட்டத்திலும் யாரும் ஜெயிக்கக் கூடாது. ஜெயித்தால் நாடு கடத்திவிடுவார்கள்.

அரசரின் ஒரே மகள் நப்பின்னை. சின்னக் குழந்தைதான், ஆனால் அபார புத்தி. ஆடுபுலி ஆட்டத்தில் எதிரே இருப்பவர் வேண்டுமென்றே தோற்பதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவாள். உடனே காய்களைக் கலைத்துவிட்டு அழுவாள். வரவரச் சாப்பாடும் இறங்கவில்லை. பாவம், அவளோடு நிஜமாக ஆட ஒருவர்கூட இல்லை.

அரசருக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு அறிவு வரமா, சாபமா என்று சபையில் கேட்டார். சாபமேதான் என்றார் அமைச்சர் காலிங்கராயர். அரண்மனை விகடன் அம்பலக்கூத்தன் மட்டும் வரம் என்றான். அவன்மேல் அமைச்சருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். சமயம் பார்த்து அரசரின் காதைக் கடித்தார்.

அரசர் உத்தரவிட்டார். “கூத்தா, நாளை நீ இளவரசியோடு ஆட வேண்டும். நீ வேண்டுமென்றே தோற்றதாக அவள் கண்டுபிடிக்கக் கூடாது. கண்டுபிடித்தால் நீ இந்த நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும்.”

மறுநாள் சபை கூடியது. இளவரசி புலிகளை எடுத்துக்கொண்டாள், கூத்தன் ஆடுகளை. வழக்கம்போல் அவன் முகத்தையே சந்தேகமாகப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் முகத்தை விட்டுவிட்டுக் கட்டத்தைப் பார்க்கத் தொடங்கினாள். கூத்தனுக்கு வியர்த்துக் கொட்டியது. கடைசியில் புலிகள் நகர வழியில்லாமல் மடங்கின. இளவரசி தோற்றுப்போனாள்.

அமைச்சர் துள்ளி எழுந்து, வழக்கத்தை மீறிவிட்டான், நாடு கடத்துங்கள் என்றார்.

கூத்தன் கைகட்டி நின்றான். “அரசே, நான் வேண்டுமென்றே தோற்றதாக இளவரசி கண்டுபிடிக்கக் கூடாது என்பது தங்கள் கட்டளை. நான் தோற்கவே இல்லையே, அதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? வேறு வழி தேடிப் பார்த்தேன், அவர்களை ஏமாற்ற எனக்குப் புத்தி போதவில்லை.”

அதற்குள் இளவரசி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு ஆட்டம் வேண்டுமாம்.

அரசர் மெல்ல அமைச்சர் பக்கம் திரும்பினார். “சதுரங்கத்தில் இத்தனை வருடமாக நான் உம்மை ஜெயித்ததெல்லாம்?”

அமைச்சர் கூரையைப் பார்த்தார். அரசர் வாய்விட்டுச் சிரித்தார். தமக்கு மகளின் புத்தி இல்லாததால்தான் இத்தனை காலம் நிம்மதியாகத் தூங்கியதாகச் சபையறியச் சொன்னார். அந்த வழக்கத்தை அன்றே ஒழித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டார். பிறகு சிம்மாசனத்தைவிட்டு இறங்கி, மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

முட்டி மோதிப் பார்த்தும் படுதோல்விதான். நப்பின்னை அப்பாவின் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். நிஜமாகவே தோற்றிருக்கிறார் என்று தெரிந்ததும் ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.