கரடி உட்கார்ந்த இடம்

அல்லிக்குளத்து ஆமை கோமதிக்கு வெட்கம் அதிகம். யாராவது “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டாலே தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். ஆனால் ஹாக்கி ஆட்டத்தில் கோலைக் காக்க அதைவிட்டால் அந்தக் காட்டில் ஆள் கிடையாது. பந்து எவ்வளவு வேகமாக வந்தாலும் ஓட்டில் பட்டு ‘டொக்’ என்று திரும்பிவிடும்.

கோடையில் குளம் பாதி வற்றும். வற்றிய பக்கம் தரை கெட்டியாகக் கிடக்கும். அதுதான் மைதானம். வளைந்த கருவேலங்குச்சி மட்டை. காய்ந்த விளாங்காய் பந்து. மைதானத்துக்கு ஒரு ஓரம் தண்ணீர். மறு ஓரத்தில் வெள்ளை நத்தை ஓடுகளை வரிசையாகப் பதித்து எல்லைக்கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு அப்பால் கொஞ்சம் மணல். அதற்கும் அப்பால் ஒரு மேடு. ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் அந்த மேட்டில் உட்காருவார்கள்.

அந்த மணலில்தான் கோமதி முட்டையிட்டது. ஆடுகிறவர்கள் கோட்டைத் தாண்டி வரமாட்டார்கள். பார்க்கிறவர்கள் மேட்டைவிட்டு இறங்கமாட்டார்கள். இதைவிடப் பத்திரமான இடம் வேறு ஏது? ஆழமாகக் குழி தோண்டி, முட்டைகளை வைத்து, மூடி, மேலே தடவித் தடவிச் சமமாக்கியது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கம்.

ஆட்டங்கள் ஆரம்பித்தன. அல்லிக்குளத்து அணி தொட்டதெல்லாம் வெற்றி. முயல் வெள்ளையன் பந்தை எடுத்துக்கொண்டு கோட்டோரமாகவே ஒரு ஓட்டம் ஓடும் பாருங்கள், எதிரணிக்கு அதன் வால் மட்டும்தான் தெரியும். அப்புறம் கோல் விழுந்த சத்தம்தான் கேட்கும்.

ஜெயிக்க ஜெயிக்கக் கூட்டம் சேர்ந்தது. சும்மா சேர்ந்தால் பரவாயில்லை. கரடி சுடலை ஒரு நாள் மேட்டிலிருந்து எழுந்தது.

“இங்க இருந்து பாத்தா முயலோட மீசை தெரிய மாட்டேங்குதுடே” என்று சொல்லிக் கொஞ்சம் இறங்கி உட்கார்ந்தது.

கரடியின் முதுகுக்குப் பின்னால் இருந்த மைனா பூவாயிக்கு ஒன்றும் தெரியவில்லை. அது கரடிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. மைனாவின் வாய் காதுக்குப் பக்கத்தில் ஓயாமல் கத்தியதால் குரங்கு தவசி அதற்கும் முன்னால் போனது. குரங்கின் வாலை மிதித்த ஆட்டுக்கூட்டம், அணில் கூட்டம், கீரிக்கூட்டம் எல்லாம் சண்டை போட்டுக்கொண்டே முன்னால் வந்தன. அடுத்த ஆட்டத்தில் கரடிக்கு மறுபடியும் மறைத்தது. கரடி மறுபடியும் இறங்கியது.

நடுவர் கொக்கு ஒற்றைக் காலில் நின்று யோசித்தது. கரடியிடம் போய் ‘தள்ளி உட்காரும்’ என்று யார் சொல்வது? முன்வரிசையின் கால் விரல் எங்கே இருக்கிறதோ அதுதான் எல்லை என்று மனசுக்குள் வைத்துக்கொண்டது. நத்தை ஓட்டு வரிசையின் மேல் கடலைத் தொலியும் மாங்கொட்டையும் மணலும் விழுந்து மூடிவிட்டன. அப்படி ஒரு கோடு இருந்ததே எல்லாருக்கும் மறந்து போனது.

கரடி கடைசியாக இறங்கி உட்கார்ந்த இடம் கோமதியின் முட்டைக்கு நேர் மேலே.

‘அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிங்க.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டும். கோமதி மூன்று முறை பக்கத்தில் போனது. மூன்று முறையும் கரடி, “என்ன தங்கச்சி, இன்னைக்குக் கோல் விடமாட்டேல்லா?” என்று சிரித்தது. மூன்று முறையும் கோமதியின் தலை உள்ளே போய்விட்டது.

அதற்குப் பிறகு அணிக்கு என்னவோ ஆனது. மலையாடுகளிடம் தோற்றது. பனங்காட்டு நரிகளிடம் தோற்றது. கடைசி ஆட்டத்தில் காட்டுப்பன்றிகள் வந்தன. பன்றிகள் ஓடி ஆடவே இல்லை. தோளோடு தோள் உரசி ஒரே வரிசையாக நின்றன, அவ்வளவுதான். மைதானம் அடைத்துவிட்டது. முயல் இந்தப் பக்கம் போனால் பன்றி. அந்தப் பக்கம் போனாலும் பன்றி. கோமதியோ பந்தை ஒரு கண்ணாலும் கரடியை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தது. கரடி துள்ளிக் குதித்தால் இரண்டு கண்ணும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். அந்த நேரம் பார்த்துப் பந்து உள்ளே போனது.

பரிசாக வைத்திருந்த தேன் குடுவையைப் பன்றிகள் உருட்டிக்கொண்டே போயின.

மறுநாள் காலையில் அத்தனை பேரும் அவரவர் இடத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டம் இல்லை. ஆனால் பேச்சு இருக்கிறதே!

“எல்லாத்துக்கும் இந்த மைனாதான் காரணம்” என்றது குரங்கு. “கப்பு நமக்குத்தான் கப்பு நமக்குத்தான்னு ஊரெல்லாம் கத்தினா கண்ணு படாதா?”

“நீ என்ன செஞ்ச?” என்று மைனா பாய்ந்தது. “எப்பவும் இடது காலைத் தூக்கி வச்சு உக்காருவ. பன்றி ஆட்டத்துல வலது காலைத் தூக்கி வச்சிருந்த. நான் பாத்தேன்!”

“கால் மரத்துப் போச்சுடி.”

“கப்பைவிடக் கால் பெரிசாப் போச்சோ உனக்கு?”

“முயலுக்குத் தீனி ஜாஸ்தி” என்றது கரடி. “ஒவ்வொரு ஆட்டமும் ஜெயிச்சதும் ஆளாளுக்குக் கூடை கூடையா கொழுந்து கொண்டு கொடுத்திய. வயித்தைத் தூக்கிக்கிட்டு எப்படிடே ஓடுவான்?”

“நீங்க குடுத்த கெழங்கைச் சொல்லலியே அண்ணாச்சி” என்றது அணில்.

“அது பாசத்துல குடுத்தது.”

முயல் வெள்ளையன் மெல்ல எழுந்தது. “ஓரமா ஓட எடமே இல்ல அண்ணாச்சி. ஓடினா யார் காலாவது இடிக்குது.”

“சாக்குச் சொல்லாதலே!” என்று கூட்டம் முழுக்க ஒரே குரலில் கத்தியது. முயல் உட்கார்ந்துவிட்டது.

கோமதி கூட்டத்தின் கடைசியில் ஒரு கல்லைப்போல ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் கண் கரடியின் கீழேயே இருந்தது. முட்டை பொரிகிற காலம் நெருங்கிவிட்டது. இன்றோ நாளையோ தெரியாது. பொரிந்த குஞ்சு மேலே வரும்போது மலை போன்ற இந்தக் கரடி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்?

“ஆமா, கோமதி ஏன் அன்னைக்கு சைடுலயே பாத்துக்கிட்டு இருந்தா?” என்று திடீரென்று மைனா கேட்டது.

அத்தனை தலையும் திரும்பியது. கோமதியின் தலை உள்ளே போனது.

“பாத்தியா பாத்தியா, தலையை ஒளிக்கா!”

“பன்றிங்ககிட்ட ஏதாவது வாங்கியிருப்பாளோ?”

“கோரைக்கெழங்கு குடுத்திருப்பானுவ.”

“சொல்லு தங்கச்சி” என்றது கரடி. “பந்தைப் பாக்காம யாரைப் பாத்த?”

‘உங்களைத்தான் அண்ணாச்சி’ என்று ஓட்டுக்குள்ளேயே சொன்னது கோமதி. வெளியே ஒன்றும் வரவில்லை.

“பதில் இல்ல. அப்போ முடிஞ்சுது” என்றது கரடி. “இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள இந்தக் குளத்தைவிட்டுப் போயிரணும். மலைக்கு அந்தப் பக்கம் எங்கயாவது பொழைச்சுக்கோ.”

தலை ஒரு விரல் அளவு வெளியே வந்தது. “ரெண்டே ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேனே அண்ணாச்சி...”

“எதுக்கு? பன்றிகளோட பாக்கிக் கெழங்கு வர்றதுக்கா?” என்றது மைனா. கூட்டம் சிரித்தது.

கோமதியின் கண்ணில் நீர் முட்டியது. தாய் இல்லாத குஞ்சுகளுக்குத் தண்ணீர் இருக்கும் திசையை யார் காட்டுவார்கள்?

அப்போது குரங்கு தவசி தலையைச் சொறிந்தது. அதற்குக் கோமதிமேல் இரக்கம் ஒன்றும் இல்லை. மைனா சொன்னால் அதை மறுத்தே ஆகவேண்டும், அவ்வளவுதான்.

“கோமதியை மட்டும் சொன்னா எப்படி? அந்தக் கோல் நம்ம அணியில நடுவுல நின்ன கீரியால விழுந்தது.”

“இல்லவே இல்ல. முயல்தான் பந்தைத் தொலைச்சான்” என்றது அணில்.

“உனக்கு என்ன தெரியும்? நீ அப்போ மாங்கா தின்னுக்கிட்டு இருந்த!”

“ஏய், நிறுத்துங்கடே” என்றது கரடி. “வாயால சொன்னா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவிய. ஆடியே காட்டிருவோம். நான்தான் பன்றித் தலைவன்.”

இது எல்லாருக்கும் பிடித்துவிட்டது. ‘நானும் பன்றி, நானும் பன்றி’ என்று ஒரே தள்ளுமுள்ளு. இதுவரை மட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்காத அணில்களும் ஆடுகளும் மைதானத்தில் இறங்கின. பார்க்க ஒருவர்கூட மிச்சமில்லை. கோமதியைத் தள்ளிக்கொண்டு போய்க் கோலுக்கு முன்னால் நிறுத்தினார்கள். மைனா மட்டும் மேலே பறந்தபடி கமெண்ட்ரி சொன்னது.

“இதோ பந்து கீரியிடம்! கீரி குரங்குக்குக் கொடுக்கிறார்! ஏலே குரங்கே, பந்தைக் கடிக்காதலே, அது விளாங்காய்தான், ஆனாலும் பந்து!”

கரடி பன்றியைப்போல உறுமிக்கொண்டு ஓடி வந்தது. மட்டையை வீசியது. பந்து அப்படியே நின்றது. கரடி மூன்று சுற்றுச் சுற்றி ஆட்டுக்கூட்டத்தின் மேல் விழுந்தது. ஆடுகள் “மே!” என்று சிதறின.

“பன்றித் தலைவர் கீழே விழுந்தார்! இது அன்னைக்கு நடக்கலியே!”

சிரித்துச் சிரித்து அணில்களுக்கு விக்கல் வந்துவிட்டது. அந்தக் கலவரத்தில் பந்து உருண்டு முயல் வெள்ளையனின் காலடிக்கு வந்தது. முயல் பழக்கதோஷத்தில் எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடியது.

ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு கால் இடிக்கவில்லை. ஒரு வால் தடுக்கவில்லை. பன்றிகளாக நின்றவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து பன்றிப் பக்கத்துக் கோலுக்குள் கிடந்தது.

எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

“ஏலே வெள்ளையா” என்றது கரடி, மண்ணைத் தட்டிக்கொண்டு. “இந்த ஓட்டம் அன்னைக்கு எங்கலே போச்சு?”

முயல் மூச்சு வாங்கியது. “நான் இப்போ ஓடின எடத்துல அன்னைக்கு நீங்க எல்லாரும் காலை நீட்டி உக்காந்திருந்தியள்லா அண்ணாச்சி.”

எல்லாரும் முயலின் கால் தடம் போன இடத்தைப் பார்த்தார்கள். கடலைத் தொலியும் மாங்கொட்டையும் அது ஓடிய வேகத்தில் சிதறிக் கிடந்தன. அவற்றுக்குக் கீழே வெள்ளையாக ஒரு நத்தை ஓடு எட்டிப் பார்த்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஒரு வரிசை.

“இது என்ன கோடு?” என்றது அணில்.

அந்த நேரத்தில் கோலுக்கு முன்னால் நின்ற கோமதி ஓட ஆரம்பித்தது. ஆமை ஓடி யாராவது பார்த்திருக்கிறீர்களா? அன்றைக்கு அல்லிக்குளமே பார்த்தது.

“பாருங்க, கோலை விட்டுட்டு ஓடுதா!” என்று மைனா கத்தியது.

கோமதி நத்தை ஓடுகளைத் தாண்டி நின்றது. அங்கே மணல் அசைந்தது. கரடி வழக்கமாக உட்காரும் இடம், நடுவில் பள்ளம் விழுந்து, ஒரு பெரிய சட்டி மாதிரி இருந்தது. அந்தச் சட்டியின் நடுவிலிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. அப்புறம் இன்னொன்று. உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஓடுகளைச் சுமந்துகொண்டு குஞ்சுகள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன.

கரடி தன் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தது. “தங்கச்சி... நான் இவ்வளவு நாளும் இதுக மேலயா...?”

கோமதி தலையை நீட்டியது. இந்த முறை உள்ளே இழுக்கவில்லை.

“நான் கோட்டுக்கு வெளியதான் வச்சேன் அண்ணாச்சி. கூட்டம்தான் உள்ள வந்துட்டு.”

அவ்வளவுதான் சொன்னது.

“முதல்ல இறங்கினது கரடி அண்ணாச்சிதான்” என்றது மைனா சின்னக் குரலில்.

“நீ எனக்கு முன்னால வந்து உக்காந்த” என்றது கரடி.

“குரங்கு எனக்கு முன்னால போனான்.”

“ஆடு என் வாலை மிதிச்சுது.”

“கொக்கு விசில் ஊதியிருக்கலாம்லா?”

கொக்கு இன்னொரு காலுக்கு மாறி நின்றது.

அதற்குள் குஞ்சுகள் கோமதியின் பின்னால் வரிசையாகத் தண்ணீரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தன. மைதானத்தைக் குறுக்கே தாண்டிப் போக வேண்டும். எல்லாரும் மிதித்துவிடக்கூடாதே என்று ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்தார்கள். கரடி நுனிக்காலில் நடந்தது. பின்னால் போய்ப் போய்க் கடைசியில் எல்லாரும் நத்தை ஓட்டு வரிசைக்கு அந்தப் பக்கம், பழைய மேட்டில் போய் நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால் மைதானம் எவ்வளவு அகலம்! அம்மாடி!

கடைசிக் குஞ்சு தண்ணீரில் ‘புளுக்’ என்று விழுந்தது.

“தங்கச்சி” என்று கரடி தொண்டையைக் கனைத்தது. “நீ எங்கயும் போக வேண்டாம். சொன்னது தப்பு. ஆனா ஒண்ணு. குஞ்சுக பொரிஞ்சது என் சூட்டுலதான். அதனால நான்தான் தாய்மாமன்.”

கோமதிக்கு வந்த சிரிப்பில் ஓடே குலுங்கியது. “அப்போ சீர் கொண்டு வாங்க அண்ணாச்சி” என்றது. வெட்கம் எங்கே போனதோ தெரியவில்லை.

அடுத்த கோடையில் முதல் ஆட்டத்திலேயே அல்லிக்குளத்து அணி ஒரு கோலில் தோற்றது. எல்லாரும் மேட்டிலிருந்துதான் பார்த்தார்கள். ஆட்டம் முடிந்ததும் மைனா, “எல்லாம் இந்தக் குரங்கோட வலது காலால...” என்று ஆரம்பித்தது. கரடி எழுந்தது. தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்தது. மணலைத் தட்டிப் பார்த்தது. நத்தை ஓடுகள் வெள்ளை வெளேரென்று தூரத்தில் தெரிந்தன. அதன் பிறகுதான், “சரி, இப்போ சொல்லுங்கடே” என்று மறுபடி உட்கார்ந்தது.

தோல்விக்குக் காரணம் தேடுகிறவர்கள், முதலில் தாங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து எழுந்து அதன் அடியில் பார்க்க வேண்டும்.